அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது: வயதுதான் காரணமா, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

குறிஞ்சிப்பாடி_மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 62 வயது. நெடுங்காலமாகச் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். திருவந்திபுரம் போனால் மலையேறி ஹயக்ரீவரைச் சேவிக்காமல் திரும்ப மாட்டார். இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து, "முட்டி வலிக்கிறது, நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிக் கீழேயே உட்கார்ந்துவிடுகிறார். காலையில் கோலம் போட்டு நிமிர்ந்ததும் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்கிறார். சில வாரங்களாக இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறார். படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து திண்ணைக்குப் போய், "உள்ளே ஒரே புழுக்கம்" என்கிறார். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இது வாயுக் கோளாறு என்பது அப்பாவின் கருத்து. பெருங்காயம் போட்ட மோரும் சோடாவும் கொடுக்கிறார். அவற்றைக் குடித்ததும் ஏப்பம் வருகிறது, கொஞ்சம் தேவலை என்று அம்மாவும் சொல்கிறார். அடுத்த மாதம் சென்னைக்குப் போகும்போது பெரிய மருத்துவரிடம் காட்டலாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்கலாமா? நெஞ்சு வலி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

பொதுமருத்துவர்_நெல்லை

சகோதரி, அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ உங்கள் வழக்கமான மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். இன்றிரவே மூச்சுத்திணறல் அதிகமானாலோ, உட்கார்ந்த நிலையிலும் மூச்சு வாங்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, நெஞ்சில் அழுத்தம் தோன்றினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

நேரில் பரிசோதிக்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையன்று. ஆயினும் நீங்கள் எழுதியவற்றுள் இரண்டு செய்திகளை எந்த மருத்துவரும் கடந்துபோக மாட்டார். ஒன்று, தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணை கூடியிருப்பது. மற்றொன்று, தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து காற்றைத் தேடிப் போவது. இதயம் இரத்தத்தை இறைத்து வெளியேற்றும் வலு குறையும்போது, பகல் முழுதும் கால்களில் தேங்கிய நீர், படுத்தவுடன் இரத்த ஓட்டத்தில் திரும்பிச் சேர்ந்து நுரையீரலில் கோத்துக்கொள்கிறது. எழுந்து உட்கார்ந்தால் அது சற்று இறங்குவதால் நிம்மதி கிடைக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தால் தேவலை என்பதற்கும், சோடா குடித்தால் தேவலை என்பதற்கும் இந்த ஒரே காரணம் இருக்கக்கூடும். ஏனெனில் சோடா குடிக்கவும் அவர் எழுந்துதான் உட்கார்கிறார்.

நெஞ்சு வலி இல்லை என்பதால் இதயத்துக்குக் குறையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளிடமும், பெண்களிடமும், முதியவர்களிடமும் மாரடைப்பே வலியின்றி வருவதுண்டு. மூச்சு வாங்குதல், மிகுந்த களைப்பு, வியர்வை ஆகியவை மட்டுமே வெளியில் தெரியும்.

மருத்துவமனைக்குப் போகுமுன் மூன்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது விரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா? அண்மையில் எடை கூடியிருக்கிறதா? முட்டி வலிக்கு மருந்துக்கடையில் ஏதேனும் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாரா? கடைசிக் கேள்வியை வற்புறுத்திக் கேட்கிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேங்கவைத்து, தளர்ந்த இதயத்தையும் சர்க்கரையால் பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தையும் மேலும் மோசமாக்கும்.

ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, ஹீமோகுளோபின், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், இதய ஸ்கேனான எக்கோ ஆகியவை தேவைப்படலாம். முதல் நான்கையும் மாவட்டத்தில் பெரும்பாலான அரசு மருத்துவமனைகளிலேயே செய்துவிடலாம். சென்னைக்குப் போக வேண்டிய தேவையில்லை.

தாமிரபரணி_வாசகன்

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பலர் வீட்டில் இருக்கும். அதில் 95-க்கு மேல் காட்டினால் அச்சப்படத் தேவையில்லை என்று அப்போது சொன்னார்கள். முதலில் அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமே?

செவிலியர்_திருவாரூர்

ஐயா, அந்த எண் பயனுள்ளதுதான், ஆனால் அது நல்லபடியாக இருப்பதை நம்பி ஒருவரை வீட்டில் உட்காரவைப்பது ஆபத்து. இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டாது. ஆகவே கடுமையான இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அது 99 காட்டும். அவரோ குடம் தூக்கி நான்கு அடி வைப்பதற்குள் இளைத்துப்போவார். மாரடைப்பிலும் ஆஸ்துமா தாக்கத்தின் தொடக்கத்திலும் எண் வழக்கம்போலவே இருக்கலாம். நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி, சில்லிட்ட விரல் ஆகியவற்றாலும் கணக்கு தவறும். கறுத்த தோலில் உண்மையான அளவைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

விரலைச் சூடாக்கி, கையை அசைக்காமல் வைத்து, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். 94-க்குக் கீழே இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே என்றால் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருப்பார்.

எனக்குக் கருவியைவிடக் கடிகாரத்தின் மீது நம்பிக்கை அதிகம். நோயாளிக்குத் தெரியாமல், பேச்சுக் கொடுக்காமல், வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. அது 25-ஐத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. 30 என்றால் ஆபத்து. அதைவிட எளிய சோதனை பேச்சு. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாமல், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்செடுக்கிறவரை எந்த எண்ணுக்காகவும் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

பொதுமருத்துவர்_நெல்லை

மேலே சொல்லப்பட்டது அனைத்தையும் வழிமொழிகிறேன். இதனோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் பார்வையில் இந்த விவாதத்தின் மையமே அதுதான்.

மெல்ல மெல்ல வரும் மூச்சிரைப்பை நம் மக்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்வதற்குப் பதிலாக, மூச்சு வாங்க வைக்கும் வேலையை ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார்கள். மாடிக்குப் போவதை விடுகிறார்கள். சந்தைக்கு நடந்தவர் ஆட்டோவில் போகிறார். துணி துவைப்பது மருமகள் கைக்கு மாறுகிறது. அதன்பின் "மூச்சு வாங்குகிறதா?" என்று நாம் கேட்டால், "இல்லையே, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று உண்மையாகவே பதில் சொல்கிறார்கள், ஏனெனில் மூச்சு வாங்கும் எதையும் அவர்கள் இப்போது செய்வதில்லை. ஆகவே புறநோயாளிகள் பிரிவில் நான் கேட்பது, "போன தீபாவளிக்குச் செய்துகொண்டிருந்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை?" என்பதுதான். அதற்கு வரும் பதிலில் நோயின் வயது தெரிந்துவிடும். இந்தச் சகோதரி, தம் அம்மா மலையேறுவதை விட்டார் என்று எழுதியதைப் படித்தபோதே எனக்குக் கவலை பிறந்தது.

மருத்துவர்களும் இதே முறையில்தான் அளக்கிறோம். வேகமாக நடந்தால் அல்லது மேடேறினால் மட்டும் இரைப்பது ஒரு படி. சமவயதினரோடு சமதரையில் நடக்க முடியாமல் பின்தங்குவது அடுத்தது. நூறு மீட்டர் நடந்து நின்றுவிடுவது அதற்கும் அடுத்தது. உடை மாற்றும்போதே இரைப்பது கடைசி. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கியிருந்தால், வயதைக் காரணம் காட்டாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வயதானால் வேகம் குறையும், உண்மைதான். அது ஆண்டுக்கணக்கில் குறையும். சில வாரங்களிலோ மாதங்களிலோ குறைந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது.

பஞ்சாலை_ராஜபாளையம்

ஐயாவுக்கு வணக்கம். நான் நூற்பாலையில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். புகைப்பழக்கம் கிடையாது. வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் பிற்பகலில் நெஞ்சைக் கயிறு கட்டி இறுக்கியதுபோல் இருக்கும், இருமல் வரும். மறுநாள் சரியாகிவிடும். எங்கள் பிரிவில் இன்னும் சிலருக்கும் இப்படி உண்டு. பஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு வெல்லம் சாப்பிடுவார்கள். இப்போது எனக்கு வாரத்தின் மற்ற நாள்களிலும் வருகிறது. இதுவும் நீங்கள் சொல்லும் கணக்கில் சேருமா?

பொதுமருத்துவர்_நெல்லை

கட்டாயம் சேரும், தம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் நோயை முதலில் நினைக்க வேண்டியிருக்கிறது. விடுமுறைக்குப் பிந்திய முதல் நாளில் நெஞ்சு இறுகுவதும், வேலைக்குத் தொடர்ந்து போகப் போக அது தணிவதும் இந்நோயின் தனிக்குறி. வேறெந்த நுரையீரல் நோயிலும் இந்த வார ஒழுங்கை இவ்வளவு தெளிவாகக் காண்பது அரிது. தொடக்கத்தில் தூசியிலிருந்து விலகினால் மாறிவிடும். மற்ற நாள்களுக்கும் பரவிய பிறகு, காலம் செல்லச் செல்ல நிலையான அடைப்பாக மாறக்கூடும். நீங்கள் அந்த எல்லையில் நிற்கிறீர்கள்.

ஈஎஸ்ஐ அட்டை இருந்தால் அதைக் கொண்டு ஸ்பைரோமெட்ரி சோதனை செய்துகொள்ளுங்கள். விடுமுறைக்குப் பிந்திய முதல் நாள் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வேலை முடிந்ததும் ஒருமுறை ஊதிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். வேலை விவரத்தை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். கேட்காமல் விட்டுவிடுவோர் உண்டு. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது. ஆகவே தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றம் கேட்பது சலுகை கேட்பதாகாது. வெல்லம் தொண்டைக்கு இதமாக இருக்கலாம், நுரையீரலுக்குள் போன தூசியை அது ஒன்றும் செய்யாது.

தர்மபுரி_ஆசிரியை

எங்கள் மலைக்கிராமத்தில் புகை பிடிக்காத பாட்டிமார் பலருக்கு ஆண்டு முழுதும் இருமலும் இளைப்பும் இருக்கின்றன. ஊதுகுழலால் அடுப்பு ஊதி வாழ்நாளைக் கழித்தவர்கள். எரிவாயு இணைப்பு வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் விறகடுப்புதான். இவர்களுக்கு இனி எதுவும் செய்ய இயலாதா?

பொதுமருத்துவர்_நெல்லை

செய்ய இயலும், அம்மா. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு வரும் அதே நாட்பட்ட அடைப்பு நோய் இவர்களுக்கும் வருகிறது. கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் இன்ஹேலர் எனப்படும் உறிஞ்சு மருந்தும், மூச்சுப்பயிற்சியும், அடுப்பை வெளியே மாற்றுவதும் அவர்களை மீண்டும் நடமாட வைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். இவர்களுக்குச் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி இளைப்புக் கூடினால் அன்றே காட்டுங்கள். வாடகைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்து நாமாகவே முழு வேகத்தில் வைப்பது இந்நோயாளிகளுக்குத் தீங்காக முடியும், இரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயங்கிவிடுவார்கள்.

குறிஞ்சிப்பாடி_மகள்

அனைவருக்கும் நன்றி. மறுநாளே கடலூர் அழைத்துச் சென்றோம். காலில் குழி விழுந்தது. முட்டிக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைப் பட்டை அம்மாவின் சுருக்குப்பையில் இருந்தது. ஈசிஜியில் எப்போதோ வந்து போன மாரடைப்பின் தடம் இருப்பதாகச் சொன்னார்கள். எக்கோவில் இதயத்தின் இறைப்புத் திறன் 35 விழுக்காடு. உள்நோயாளியாகச் சேர்த்து, சிறுநீர் போக ஊசி போட்டார்கள். இரண்டாம் இரவே ஒரு தலையணையில் தூங்கினார். வீட்டுக்குப் போன பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள், ஐயா. அப்பா மிகவும் கலங்கிப்போயிருக்கிறார்.

பொதுமருத்துவர்_நெல்லை

அப்பாவிடம், உரிய நேரத்தில் போய்விட்டீர்கள் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். 35 விழுக்காடு என்பது குறைவுதான். இயல்பாக 55-க்கு மேல் இருக்க வேண்டும். ஆயினும் இப்போதுள்ள மருந்துகளால் பலருக்கு அது உயர்ந்திருக்கிறது.

ஓர் எடை பார்க்கும் கருவி வாங்குங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே மாதிரியான உடையில் எடை பார்த்து நாட்காட்டியிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ கூடினால் அது சதையன்று, நீர். மூச்சு வாங்கும்வரை பொறுக்காமல் அப்போதே மருத்துவரை அழையுங்கள். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள். சோடாவும் வேண்டாம், அதிலும் சோடியம் இருக்கலாம். கடையில் விற்கும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு இவருடைய மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து, அதையும் வாங்காதீர்கள். முட்டி வலிக்கு என்ன எடுக்கலாம் என்பதை இதய மருத்துவரிடமே கேளுங்கள். நன்றாக இருக்கிறது என்பதற்காக நீர் மாத்திரையை நிறுத்துவதுதான் மீண்டும் சேர்க்கப்படுவதற்கு நான் அடிக்கடி காணும் காரணம்.

காவிரிக்கரை

எனக்குப் பத்து வயது மகன். வீசிங் என்று சொல்லி மருத்துவர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். ஒருமுறை பழக்கினால் வாழ்நாள் முழுதும் விட முடியாது, மாத்திரையே மேல் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். தூதுவளை, ஆடாதோடை கொடுத்து வருகிறோம். இழுப்பு வந்தால் மட்டும் மருத்துவமனையில் நெபுலைசர் வைக்கிறோம்.

பொதுமருத்துவர்_நெல்லை

கணக்காகவே பார்ப்போம். சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது சிறிய மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, இதயத்தைப் படபடக்க வைத்து, கையை நடுங்கச் செய்து, கடைசியில் கொஞ்சம் நுரையீரலைச் சேர்கிறது. இன்ஹேலர் மருந்தோ நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. நெபுலைசரில் போகும் மருந்தும் பெரும்பாலும் இதே சால்புட்டமால்தான். ஆகவே அதை ஏற்றுக்கொண்டு இதை மறுப்பதற்குப் பொருளில்லை. ஆஸ்துமா நீடிப்பதால் மருந்து நீடிக்கிறது, மருந்து பழக்கமாவதால் அன்று.

ஆடாதோடையில் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் பொருள் இருக்கிறது. அதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்னும் சளி மருந்தே உருவானது. நம் மூலிகையை நான் தாழ்த்தவில்லை. ஆனால் இழுப்பு வந்த நேரத்தில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆஸ்துமாவில் இரண்டு வகை உறிஞ்சு மருந்து உண்டு. ஒன்று உடனடி நிவாரணம் தருவது. மற்றொன்று மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிக்கும் மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு. நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருப்பது தவறு என்று 2019 முதல் உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதலே சொல்கிறது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நிவாரண மருந்து தேவைப்பட்டால் அல்லது இரவில் இருமி எழுந்தால், நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். மருந்தை ஸ்பேசர் என்னும் குடுவை வழியாகக் கொடுங்கள். ஸ்டீராய்டு இழுத்த பின் வாய் கொப்புளிக்க வைத்துவிடுங்கள்.

தாக்கம் வந்தால் மகனை நிமிர்ந்து உட்காரவைத்து, நிவாரண மருந்தை ஸ்பேசரில் ஒவ்வொரு முறையாக நான்கு முறை அழுத்திக் கொடுத்து, நான்கு நிமிடம் பாருங்கள். தணியாவிட்டால் மீண்டும் நான்கு முறை கொடுத்துவிட்டு, 108-ஐ அழையுங்கள். ஒரு குறியைப் பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: களைத்துத் துவண்ட பிள்ளையிடம் விசில் ஒலி திடீரென நின்றுவிட்டால் அது குணமன்று, ஒலி எழுப்புமளவுக்குக் கூடக் காற்று போகவில்லை என்பதே அதன் பொருள். அதைவிட அவசரம் வேறில்லை.

கோவை_மாணவி

எனக்குத் தேர்வு நேரத்தில் திடீரென மூச்சு முட்டி, விரல்களும் வாயைச் சுற்றியும் மரத்துப்போகின்றன. எல்லாச் சோதனையும் இயல்பு, பதற்றம்தான் என்று சொன்னார்கள். நான் நடிப்பதாக விடுதியில் நினைக்கிறார்கள்.

செவிலியர்_திருவாரூர்

நீங்கள் நடிக்கவில்லை, மகளே. வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறி, அதனால்தான் விரல் மரக்கிறது, சில நேரம் மடங்கிக்கொள்கிறது. மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து இருமடங்கு நேரம் வெளியே விடுங்கள். காகிதப்பையை முகத்தில் வைத்துக்கொள்ளும் பழைய முறை வேண்டாம். மனநல ஆலோசனையால் இது நன்றாகக் கட்டுப்படும். அரசின் சுகாதார உதவி எண்ணான 104-ஐ அழைத்தும் பேசலாம்.

படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பதற்றம் என்பது மற்றவை இல்லையென்று சோதித்த பிறகு சொல்ல வேண்டிய முடிவு. முதன்முறையாக மூச்சு முட்டும் இளம்பெண்ணைப் "பயந்துவிட்டாள்" என்று திருநீறு பூசி உட்காரவைக்கக் கூடாது. ஒரே கால் வீங்கி வலித்து, பின்னர் திடீரென மூச்சு வாங்கினால், காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பின்னும், பிரசவத்துக்குப் பின்னும், நீண்ட நாள் படுக்கையில் இருந்தாலும், கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் இது வரக்கூடும். பிள்ளை பெற்ற சில மாதங்களுக்குள் படுக்க முடியாமல் இளைக்கும் பெண்ணுக்கு இதயத் தசையே தளர்ந்திருக்கலாம். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். இரத்தசோகையையும் மறக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்திலும் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு அது இருக்கிறது. மாதவிடாய் மிகுதியாகப் போகிறவர்கள் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள், மருந்து உடலில் சரியாகச் சேராது.

யாழ்ப்பாணத்தான்

இலங்கையில் உள்ளவர்கள் 1990 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும். அவசர ஊர்தி இலவசம். எங்கள் பக்கத்தில் மூச்சுத்திணறலுக்கு இன்னொரு காரணமும் உண்டு, எட்டடி விரியன் எனப்படும் கட்டுவிரியன். இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை அது கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழும்புவார், பிறகு கண் இமை தாழும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இமை தாழ்ந்த நிலையில் மூச்சு முட்டினால், பாம்பைக் காணவில்லை என்பதற்காகத் தாமதிக்காமல் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

செவிலியர்_திருவாரூர்

மிக முக்கியமான பதிவு, ஐயா. எங்கள் டெல்டா வயற்காட்டிலும் இது உண்டு.

மணல்மேடு_தந்தை

ஒன்பது மாதக் குழந்தைக்கு மூன்று நாளாகச் சளி, நேற்றிலிருந்து காய்ச்சல். நெஞ்சு கரகரவென்று இருக்கிறது. தைலம் தேய்த்து ஆவி பிடிக்க வைக்கலாமா, அல்லது கிளம்ப வேண்டுமா?

செவிலியர்_திருவாரூர்

ஆவி வேண்டாம், கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளை நாங்கள் பார்க்கிறோம். கற்பூரம் கலந்த தைலத்தையும் கைக்குழந்தையின் மூக்கருகே தடவாதீர்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் நிமோனியாவாக இருக்கக்கூடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீழ் விலா எலும்புகளுக்கு அடியில் பள்ளம் விழுகிறதா என்பதையும் பாருங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ வாயில் போட்டுப் புரையேறிய பிறகு இந்தக் கரகரப்புத் தொடங்கியதா என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மணல்மேடு_தந்தை

இருமுறை எண்ணினேன். 56, பிறகு 58. விலாவுக்குக் கீழே பள்ளம் விழுகிறது. புரையேறவில்லை. பால் கொஞ்சம் குடிக்கிறான். 108-ஐ அழைத்துவிட்டேன்.

செவிலியர்_திருவாரூர்

சரியாகச் செய்தீர்கள். ஊர்தி வரும்வரை குழந்தையைப் படுக்கவைக்காமல் தோளோடு நிமிர்த்திப் பிடித்திருங்கள். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுத் துடையுங்கள். இறுக்கிச் சுற்றாமல், ஆனால் குளிர் படாமல் வைத்திருங்கள். குடித்தால் தாய்ப்பால் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம், வற்புறுத்த வேண்டாம். இருமலுக்குக் கடையில் விற்கும் எந்தச் சிரப்பும் கொடுக்காதீர்கள். தடுப்பூசி அட்டையையும், இதுவரை கொடுத்த மருந்துப் புட்டிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவுக்குள் போனதும், "குழந்தைக்கு ஒன்பது மாதம், மூச்சு எண்ணிக்கை 58, நெஞ்சு உள்ளே இழுக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள்; சளியும் காய்ச்சலும் எப்போது தொடங்கின என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.